சாப்பாட்டு மேசைக்குப் போதுமான ஸ்பானிஷ்: கொழும்புக்காரரின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்:

மகள் மாட்ரிட்டில் குடியேறிய பின்பு, அவளிடம் போய்த் தங்குவதற்கு முன்னர் சாப்பாட்டுப் பொருட்களின் ஸ்பானிஷ் பெயர்களையாவது படித்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன். அதற்குக் காரணம் மொழியார்வம் அன்று. நான் முட்டையும் தொடாத சைவம், மகளோ காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வீடு திரும்புவாள்.

எல்லோரையும் போல நானும் முதலில் ஒரு பட்டியலைத்தான் கையில் எடுத்தேன். அரிசிக்கும் சோற்றுக்கும் ‘அர்ரோஸ்’, பாணுக்கு ‘பான்’, உப்புக்கு ‘சால்’, சீனிக்கு ‘அசூக்கார்’, வெங்காயத்துக்கு ‘செபோயா’, உள்ளிக்கு ‘ஆஹோ’, பருப்புக்கு ‘லெந்தேஹாஸ்’ என்று பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்தேன். அவர்களுடைய எழுத்தில் ‘எச்’ ஒலிப்பதில்லை, ‘ஜே’ ஹகரம் போல வருகிறது, இரட்டை ‘எல்’ யகரமாகிறது என்ற மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டால், கடைப் பலகையில் இருப்பதைப் பெரும்பாலும் சரியாகவே வாசித்துவிடலாம். பொருட்களுக்கு ஆண்பால் பெண்பால் பார்க்கும் வழக்கம்தான் என்னைச் சற்று அலைக்கழித்தது. சோறு ஆண்பாலாம், உப்புப் பெண்பாலாம். பால், அதாவது ‘லேச்சே’, பெண்பாலாம். அஃறிணை என்று ஒரே வரியில் முடித்துவிட்ட தொல்காப்பியருக்கு அன்றைக்கு மனதாரக் கைகூப்பினேன்.

பட்டியல் எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன். மகள் வீட்டுத் தெருமுனையில் இருந்த சிறு உணவகத்தில் மதியத்துக்குப் பருப்பு என்று எழுதியிருந்ததைக் கண்டு, ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமலா என்று கேட்டேன். பரிமாறிய பெண்மணி, இறைச்சியே இல்லை என்று முகமலர்ச்சியுடன் கூறிவிட்டு, பானையிலிருந்து ஓர் அகப்பை அள்ளி வட்டிலில் ஊற்றினார். கபிலநிறப் பருப்பின் நடுவே, ஓரம் சுருங்கிய சிவப்பு வட்டத் துண்டொன்று எண்ணெய் மினுங்க மிதந்தது. அதுதான் ‘சொரீசோ’, பன்றியிறைச்சியை மிளகாய்த்தூள் சேர்த்துப் பதப்படுத்திச் செய்வது. அந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை. அங்கு ‘கார்னே’ என்றால் பலருடைய மனத்தில் எழுவது வெட்டித் துண்டுபோட்ட பெரிய இறைச்சிதான். சுவைக்காகச் சேர்க்கும் ‘சொரீசோ’வோ ‘ஹமோன்’ என்னும் உப்பிட்ட பன்றித்தொடையோ அந்தக் கணக்கில் வருவதில்லை. மாட்ரிட்டில் ‘தோர்தியா’ என்றால் முட்டையில் உருளைக்கிழங்கைப் போட்டுத் தடிப்பாகச் சுட்டெடுப்பது என்பதையும், பார்வைக்கு மரக்கறி உணவு போலவே இருக்கும் என்பதையும் என்னைப் போன்றவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆகவே சைவக்காரர் ‘சோய் வெஹெதரியானா’, அதாவது நான் சைவம், என்பதோடு நிறுத்தக்கூடாது என்பது என் எண்ணம். ஆண்கள் இறுதியில் ‘னோ’ என்று சொல்ல வேண்டும். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேபோ’ என்று இறைச்சி, பன்றித்தொடை, மீன், முட்டை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மறுத்துவிட வேண்டும். ‘சின்’ என்ற அந்த ஓரசைச் சொல்தான் நான் படித்தவற்றில் அதிகம் உழைத்த சொல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, கப்பலில் சமையற்காரராக இருந்தவர்:

டீச்சர் மாட்ரிட்டை வைத்து எழுதியிருக்கிறார்கள். நான் துறைமுகங்களை வைத்துத்தான் பேச முடியும். ஸ்பானிஷ் ஒரே மொழி என்று எண்ணிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர், வெண்ணெய் வாங்கப் போய்ப் பன்றிக்கொழுப்போடு திரும்பி வருவார். புவனஸ் அயர்ஸில் ‘மந்தேக்கா’ என்றால் வெண்ணெய். மெக்சிக்கோவின் வெராக்ரூஸில் அதே சொல்லுக்குப் பன்றிக்கொழுப்பு என்பது பொருள், அங்கு வெண்ணெய்க்கு ‘மந்தெக்கீயா’ என்று சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு பார்சிலோனாவில் ‘பதாத்தா’, அமெரிக்கக் கண்டம் முழுவதும் ‘பாப்பா’. ஸ்பெயினுக்கே சொந்தமான கனேரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இறங்கினாலும் ‘பாப்பா’தான். அவகாடோ பெருவின் கயாவோவிலும் சிலியின் வல்பராய்சோவிலும் ‘பால்தா’, மெக்சிக்கோவில் ‘அகுவகாத்தே’. கச்சான் தென்னமெரிக்காவில் ‘மனீ’, மெக்சிக்கோவில் ‘ககவாத்தே’, ஸ்பெயினில் ‘ககவேத்தே’. மிளகாய் மெக்சிக்கோவில் ‘சீலே’, பெருவில் ‘அஹீ’, ஸ்பெயினில் ‘கிந்தீயா’. எனவே கொப்பியில் ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஊரின் பெயரை எழுதாவிட்டால் அந்தக் கொப்பியால் பாதிப் பயன்தான்.

இலங்கைத் தமிழருக்கு இந்தப் பாடத்தில் ஒரு முன்கூலி உண்டு. போர்த்துக்கேயர் 1505 இல் இங்கே வந்திறங்கி, 1656 இல் ஒல்லாந்தரிடம் கொழும்பைப் பறிகொடுக்கும் வரையில் நம் சமையலறைக்குள் விட்டுச்சென்ற சொற்களில் பல ஸ்பானிஷுக்கும் அடுத்த வீட்டுச் சொற்களே. பாண் அங்கே ‘பான்’, மேசை ‘மேசா’, குசினி ‘கொசீனா’, வினாகிரி ‘பினாக்ரே’. ஆனால் இந்த உறவை அளவுக்குமேல் நம்பவும் கூடாது. கோப்பை என்ற நினைப்பில் ‘கோப்பா’ என்று கேட்டால் காலுள்ள கண்ணாடிக் கிண்ணம் வரும், அதற்குள் பெரும்பாலும் வைன் இருக்கும். தேநீர்க் கோப்பைக்கு ‘தாசா’ என்று பெயர். விசுக்கோத்தை நினைத்து ‘பிஸ்கோச்சோ’ என்றால் கேக் கிடைக்கும், விசுக்கோத்துக்கு ‘கயேத்தா’. ‘சோப்பா’ என்றால் குடிக்கிற சூப். குளிக்கிற சவர்க்காரத்துக்கு ‘ஹபோன்’. கோவாவும் அன்னாசியும் போர்த்துக்கேயச் சொற்களின் வழி வந்தவை. ஸ்பானிஷில் முன்னதை ‘ரெப்போயோ’ என்றும் பின்னதை ‘பீஞா’ என்றும் கேட்க வேண்டும். ‘பீஞா’வில் வரும் ஞகரத்தை ஆங்கிலேய மாலுமிகள் படாதபாடு பட்டு உச்சரித்தபோது, ஞாயிறும் ஞானமும் சொல்லி வளர்ந்த நமக்கு அது இருந்த இடத்திலிருந்தே வந்தது.

இலக்கணத்திலும் ஓரிடத்தில் தமிழர் கொடுத்துவைத்தவர்கள். ஆங்கிலம் பேசுபவர் ‘நான் சோற்றை விரும்புகிறேன்’ என்ற பாங்கில் நினைப்பதால் தடுமாறுவார். ஸ்பானிஷ்காரர் ‘மே குஸ்தா எல் அர்ரோஸ்’ என்கிறார். அது ‘எனக்குச் சோறு பிடிக்கும்’ என்ற நம்முடைய அமைப்பேதான், ‘மே’ என்பது ‘எனக்கு’. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘மே குஸ்தான் லோஸ் உவேபோஸ்’, எனக்கு முட்டைகள் பிடிக்கும். சூட்டையும் காரத்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பது போல அங்கே குறிப்பதில்லை என்பதும் நமக்குச் சாதகம்தான். சூட்டுக்குக் ‘கலியெந்தே’, காரத்துக்குப் ‘பிகாந்தே’. கப்பலில் என்னுடன் வேலைசெய்த பெரு நாட்டுக்காரர், என் கறியைச் சுவைத்த பிறகு முதற்சொல்லைச் சொன்னதே இல்லை.

பழைய சோனகத் தெருவிலிருந்து, வாசனைத் திரவிய வியாபாரி:

நாங்கள் கறுவா ஏற்றுமதி செய்கிறோம். ஸ்பானிஷில் எனக்கு முதலில் தெரிந்த சொல், ஏறக்குறைய இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் முதலில் தெரிகிற சொல், ‘கனேலா’. இலங்கைக் கறுவாவை நெடுங்காலமாக மிகுதியாக வாங்கிவரும் நாடு மெக்சிக்கோ. கறுவாக் குழல்களை ‘அல்பா’, ‘கொன்டினென்டல்’, ‘மெக்சிக்கன்’, ‘ஹம்பர்க்’ என்று தரம்பிரிக்கிற நம் முறையிலேயே அந்நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கனேலா என் ராமா’ என்றால் குழலாக இருப்பது, ‘கனேலா மொலீதா’ என்றால் தூள். ‘இலங்கைக் கறுவா’ என்ற பெயருக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியபின், ஸ்பெயினுக்குப் போகும் பொதிகளில் ‘கனேலா தே செயிலான்’ என்று எழுதுவதற்கு முன்பில்லாத கனம் வந்திருக்கிறது.

வியாபார நிமித்தம் மெக்சிக்கோ நகருக்குப் போயிருந்தபோது, லா மெர்செத் சந்தையில் ஒரு மூதாட்டி கறுவாக் குழலை வாங்குவதைப் பார்த்தேன். அவர் மணந்து பார்க்கவில்லை. குழலின் நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெல்ல நசித்தார். அது சுருட்டுப் போலப் பல படைகளாக நொறுங்கி உதிர்ந்ததும் தலையசைத்துவிட்டுக் காசை எடுத்தார். ஒரே தடித்த பட்டையாக இருக்கும் கசியா என்னும் வேறினக் கறுவாவானால் அவ்வாறு நொறுங்காது. புறக்கோட்டையில் நாங்கள் செய்கிற சோதனையும் அதுதான். அந்தக் கறுவாவைக் ‘கஃபே தே ஓயா’ என்ற மண்பானைக் கோப்பியிலும், ‘அர்ரோஸ் கோன் லேச்சே’ என்ற இனிப்பிலும் போடுகிறார்கள். பின்னதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பாற்சோறு என்று வரும்; ஆனால் கட்டைச் சம்பலோடு சாப்பிடும் நம்முடைய பாற்சோற்றை எதிர்பார்க்கக்கூடாது, அது பாயாசத்தின் உறவு. மெக்சிக்கோவில் ‘ஒர்சாத்தா’ என்றால் அரிசியும் கறுவாவும் அரைத்துக் கலந்த குளிர்பானம். ஸ்பெயினின் வலென்சியாவில் அதே பெயரில் கிடைப்பது ஒருவகைக் கோரைக்கிழங்கிலிருந்து எடுக்கும் பால். கப்பற்காரர் சொன்ன ஊர்ப்பெயர் விதியை நானும் வழிமொழிகிறேன்.

முஸ்லிம்கள் கற்க வேண்டிய முதற்பாடம் வேறு. ‘செர்தோ’, ‘புவெர்கோ’ இரண்டும் பன்றியிறைச்சி. ‘ஹமோன்’, ‘தொசீனோ’, ‘சொரீசோ’, ‘சிச்சர்ரோன்’ எல்லாம் அதன் கிளைகள். இவற்றைவிடக் கவனம் வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத ‘மந்தேக்கா’. மெக்சிக்கோவில் மசித்து வதக்கிய அவரையையும், கொழுக்கட்டை போலச் சோளமாவை மடலில் சுற்றி அவித்தெடுக்கும் ‘தமாலை’யும் வழமையாகப் பன்றிக்கொழுப்புச் சேர்த்தே செய்கிறார்கள். அவரையும் சோளமும்தானே என்று துணிந்துவிட முடியாது. ‘தியேனே மந்தேக்கா?’, பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கைவைப்பேன். எண்ணெயில் செய்தது என்றால் ‘அசேய்த்தே’ என்று பதில் வரும். சோளத்தில் சுடும் ‘தோர்தியா’வும், வாட்டிய மீனும், எலுமிச்சம்பழமும் எனக்குப் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. டீச்சருடைய முட்டைத் ‘தோர்தியா’வும் இந்தச் சோள ரொட்டியும் ஒரே பெயரில் உலாவுவதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெகிவளையிலிருந்து, விருந்தினர் விடுதியில் வேலைசெய்பவர்:

மற்றவர்கள் அங்கே போய்க் கேட்டதை நான் இங்கே இருந்தபடி பதிலாகச் சொல்கிறேன். எங்கள் விடுதிக்கு வரும் ஸ்பானிஷ்காரர்களில் சிலர் ஆங்கிலத்தில் தயங்குவதால், காலையில் மேசையில் வைக்கும் உணவுகளுக்கு ஸ்பானிஷ் பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்துசேர்ந்தது. பருப்புக் கறிக்குச் ‘சிவப்புப் பருப்பு, தேங்காய்ப் பாலுடன்’ என்று பொருள்படும்படி ‘லெந்தேஹாஸ் ரோஹாஸ் கோன் லேச்சே தே கோக்கோ’ என்று எழுதினேன். அவர்களுடைய ‘கோக்கோ’ தேங்காய். நாம் கொக்கோ என்பதை அவர்கள் ‘ககாவோ’ என்பார்கள்.

தேங்காய்ச் சம்பலை எழுதும்போதுதான் நிதானித்தேன். தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய் என்று எழுதிவிட்டால் மரக்கறி உணவு என்று எண்ணிச் சாப்பிடுவார்கள். ஆனால் எங்கள் சமையற்காரர் அதில் மாசி போடுகிறவர். ஆகையால் ‘அதூன் சேக்கோ’, உலர்ந்த சூரைமீன், என்று கீழே சேர்த்தேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்காகக் ‘ககவேத்தே’யையும், இறால் நண்டு முதலியவற்றைக் குறிக்கும் ‘மரீஸ்கோ’வையும் எல்லா அட்டைகளிலும் மறக்காமல் எழுதுகிறேன். மிளகு ‘பிமியெந்தா’, கறிமிளகாய் போன்ற பெரிய மிளகாய் ‘பிமியெந்தோ’. ஓர் உயிரெழுத்து மாறினால் கறியே மாறிவிடும். தேநீர் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: ‘தே’ என்றால் லத்தீன் அமெரிக்கர் சிலருக்கு மூலிகைக் கசாயமும் அடங்கும் என்பதால், நம்முடைய தேயிலையைத் ‘தே நேக்ரோ’ என்றே எழுதுகிறேன். பாலுடன் வேண்டுமா என்பதற்குக் ‘கோன் லேச்சே?’, சீனி இல்லாமலா என்பதற்குச் ‘சின் அசூக்கார்?’, இந்த இரண்டு கேள்விகளாலேயே காலைநேர வேலையில் பெரும்பகுதி ஓடிவிடுகிறது.

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து:

பன்றிக்கொழுப்புப் பற்றி எழுதியவருக்கு நன்றி. அதோடு ‘கால்தோ’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சியையோ எலும்பையோ அவித்தெடுத்த சாறு அது. மரக்கறி சூப்பையும் மஞ்சள் நிறச் சோற்றையும் ‘கால்தோ தே போயோ’ என்னும் கோழிச்சாற்றில் வேகவைப்பது ஸ்பெயினிலும் மெக்சிக்கோவிலும் சாதாரணம். தட்டில் கோழி தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள். நான் ‘கோன் கே கால்தோ?’, எந்தச் சாற்றில் செய்தது என்று கேட்கிறேன். ‘தே வெர்தூராஸ்’ என்று பதில் வந்தால் மரக்கறிச் சாறு, சாப்பிடலாம்.

தண்ணீர் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ‘அகுவா’ என்று மட்டும் சொன்னால் போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து கணக்கில் சேர்ப்பார்கள். ‘அகுவா தெல் கிரீஃபோ’ என்றால் குழாய்த் தண்ணீர். மாட்ரிட்டில் அது தாராளமாகக் குடிக்கத்தக்கது. உணவகங்கள் அதைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்று ஸ்பெயினில் 2022 ஆம் ஆண்டின் கழிவு முகாமைத்துவச் சட்டத்திலேயே விதித்திருக்கிறார்கள், ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.