மறு: ‘நொண்டி நிலை’க்கு மாற்றுச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் கார் திடீரென இழுவை குன்றி, எவ்வளவு மிதித்தாலும் வேகமெடுக்காமல் போகும் நிலைக்கு இந்த இழையில் நான்கு சொற்கள் வந்துள்ளன: நொண்டி நிலை, முடக்க நிலை, திறனிழப்பு நிலை, வீடுசேர் நிலை. ஆங்கிலத்தில் ‘லிம்ப் மோட்’ என்பார்கள். நான்கில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சொல் பிழையானால் பழுது தேடும் இடமும் பிழையாகிவிடும் என்பதை நானே அனுபவித்தவன்.

> திறனிழப்பு என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியுமே, எதற்கு வேறு சொல்?

புரியும். அதுதான் சிக்கல். ‘முடியாது’ என்பதும் ‘மாட்டேன்’ என்பதும் நமக்கு ஒன்றா? எஞ்சினுக்கும் இரண்டும் வேறு வேறு. டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினால் முடியாது. சமதளத்தில் ஒழுங்காகப் போகும், ஏற்றத்தில் திணறும், நாளுக்கு நாள் மோசமாகும், சாவியை அணைத்துப் போட்டாலும் ஒரு மாற்றமும் இருக்காது. நாம் பெயர் தேடும் நிலை வேறு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தரும் அழுத்தமோ டீசல் அழுத்தமோ தான் கேட்ட அளவுக்கு வரவில்லை என்று கட்டுப்பாட்டுக் கணினி கண்டுகொள்கிறது. கேடு பெருகுவதற்குள் டீசலைக் குறைத்து, டர்போவைத் தணித்து, பல கார்களில் எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 3,000-க்கு அருகே நிறுத்திவிடுகிறது. சுவரில் முட்டியதுபோல் இருக்கும். எஞ்சின் விளக்கு எரியும். வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, சிறிது பொறுத்துக் கிளப்பினால், பல வண்டிகள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அடுத்த முறை அழுத்தி மிதிக்கும்வரைதான்.

எனக்கு இது நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது நடந்தது. அந்தச் சில நொடிகளை இப்போது நினைத்தாலும் கை வியர்க்கும். மறுநாள் பணிமனையில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: “வண்டியில் பவர் இல்லை.” அங்கிருந்த மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார், டேங்கைக் கழுவினார். மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. பிறகு வேறொருவர் ஸ்கேனரைச் செருகி, கணினி பதிந்து வைத்த பழுதுக் குறியீட்டைப் பார்த்தார். பி0299. டர்போ அழுத்தம் கேட்டதைவிடக் குறைவு என்பது அதன் பொருள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. எஞ்சின் சும்மா ஓடும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். அதைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காட்டிக்கொடுத்தது. முந்தும்போது கறும்புகை வந்ததையும் சீறல் ஒலி கேட்டதையும் அவர் கேட்ட பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. அளந்து உள்ளே விட்ட காற்று வழியிலேயே ஒழுகிவிட்டால், அந்தக் காற்றுக்கென்று தெளித்த டீசல் முழுதாக எரியாமல் புகையாகும்.

முதலில் பார்த்தவர் கெட்டிக்காரர்தான். என் சொல்தான் அவரை ஃபில்டர் பக்கம் அனுப்பியது. “சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது” என்று சொல்லியிருந்தால் அவர் நேரே ஸ்கேனரை எடுத்திருப்பார்.

குறியீடு வந்துவிட்டது என்பதற்காக உடனே டர்போவை மாற்றக் கிளம்புகிறவர்களும் உண்டு. பி0299 எந்த உறுப்பையும் குற்றஞ்சாட்டுவதில்லை. குழாய் வெடிப்பு, கழன்ற கிளாம்ப், டர்போவின் இதழ்களை (அதைச் சுழற்றும் புகையை நெறிப்படுத்தும் தகடுகள்) அசைக்கும் வெற்றிடக் குழாயில் கசிவு, புகைக்கரி பிடித்து இறுகிய இதழ்கள், அழுக்கேறிய அழுத்த உணரி (சென்சார்) என்று எதுவும் காரணமாகலாம். இதழ்கள் வேறு நிலையில் இறுகினால் அழுத்தம் மிஞ்சிப் போய் பி0234 வரும். டீசல் அழுத்தம் குறைந்தால் பி0087. ஆம், ஃபில்டர் அடைப்பும் ஒரு கட்டத்தில் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்து கணினியை ‘மாட்டேன்’ என்று சொல்ல வைக்கலாம். இரண்டுக்கும் நடுவே மதில் எழுப்ப நான் வரவில்லை. உணரியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, டர்போ அழுத்த உணரி காட்டும் எண்ணைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் அது காட்ட வேண்டும்: கடல்மட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், மலையில் இன்னும் குறைவு. அங்கேயே தப்பாகக் காட்டினால் குழாயையும் டர்போவையும் விட்டுவிட்டு உணரியையும் அதன் வயரையும் பார்க்கலாம்.

சொற்களுக்கு வருகிறேன்.

‘நொண்டி’ மனிதரைக் குத்தும் சொல், அதனாலேயே வேண்டாம். பொருளும் பொருந்தவில்லை: கால் அடிபட்டவர் நொண்டுவார், இங்கே எஞ்சின் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, அடிபடாமல் இருக்கத்தான் பின்வாங்குகிறது. ‘முடக்கம்’ என்றால் வண்டி நகரக் கூடாது. திருட்டுத் தடுப்புக் கருவிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ‘வீடுசேர் நிலை’ அழகான வினைத்தொகை, முன்மொழிந்தவரைப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஒரு வாக்குறுதி தருகிறது. புகைக்குழாயில் உள்ள புகைக்கரி வடிகட்டி நிரம்பி இந்த நிலை வந்திருந்தால், கரியை எரித்துத் தள்ளும் வேலையைக் கணினி பெரும்பாலும் தொடங்காது. அதற்கு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். எப்படியும் வீடு சேர்ந்துவிடலாம் என்று நாள்கணக்கில் ஓட்டினால், கழுவித் தீர வேண்டியது புது வடிகட்டி வாங்குவதில் முடியும்.

என் பரிந்துரை: ஒடுங்குநிலை.

ஆமை தொட்டதும் ஒடுங்குகிறது. யாரும் அதை ஒடுக்கவில்லை. ‘ஒடுங்கு’ தன்வினை, ‘ஒடுக்கு’ பிறவினை. தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும் எஞ்சினுக்குத் தன்வினைதான் சரி. ‘அடங்குநிலை’ பற்றியும் யோசித்தேன். ‘வண்டி அடங்கிவிட்டது’ என்றால் நின்றே போய்விட்டது என்றுதான் கேட்பவர் நினைப்பார். அடக்கம் என்றால் சுடுகாடு வேறு நினைவுக்கு வருகிறது.

> வேதியியலில் ஒடுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே டீசல் வண்டியின் புகைக்குழாயில் யூரியா கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை ஒடுக்குகிறோம். குழம்பாதா?

நல்ல கேள்வி. நேற்று இரவு முழுதும் இதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அது பெயர்ச்சொல்லாக ‘ஒடுக்கம்’ என்றும் பிறவினையாக ‘ஒடுக்கு’ என்றும் மட்டுமே வருகிறது. ‘ஒடுங்கு’ அந்தத் துறையில் நிலைபெறவில்லை. நாமும் ‘ஒடுக்க நிலை’ என்று எழுதாமல், வினைத்தொகையை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். “வண்டி ஒடுங்கியதா, இழுவை குறைந்ததா?” என்று பணிமனையில் ஒருவர் கேட்டால் எதிரில் நிற்பவருக்கு அகராதி தேவைப்படாது.

யூரியாவை நீங்கள் எடுத்ததால் இன்னொரு முடிச்சும் தெரிகிறது. கனரக வண்டிகளில் அந்தக் கரைசல் தீர்ந்துவிட்டால் எஞ்சினின் முறுக்குவிசையைக் கணினி குறைக்கிறது. ஓட்டுநருக்கு ஒடுங்குநிலை போலவே தோன்றும். அங்கே எஞ்சினுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கரைசலை நிரப்பு என்று மாசுக் கட்டுப்பாட்டு விதி ஓட்டுநரை நெருக்குகிறது. அதற்குப் பிறவினைதான் பொருத்தம், ‘ஒடுக்குநிலை’ என்றே வைத்திருக்கலாம். ஆனால் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறும் இரண்டு சொற்களை ஒரே கையேட்டில் அச்சிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் என்னைச் சும்மா விடமாட்டார். அதற்கு வேறு வேரிலிருந்து ஒரு சொல் வேண்டும். ‘நெருக்குநிலை’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள்.