லாண்ட்வேர்: சொல் முதலா, படை முதலா?

கோட்டைவாசல்:
"லாண்ட்வேர் என்ற சொல்லே 1813-இல் பிரஷ்யா உண்டாக்கியது" என்று நேற்று இங்கே ஒருவர் அடித்து எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இடைக்கால ஜெர்மனியில் ஊர் எல்லையில் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே கரையாகப் போட்டு, மேலே மரங்களை நெருக்கி நட்டு, கிளைகளை வளைத்துப் பின்னிவிடுவார்கள். குதிரைகூட நுழைய முடியாது. அதற்குப் பெயர்தான் லாண்ட்வேர். ஆகன், பிராங்பர்ட், ரோத்தன்பர்க் எல்லாவற்றையும் சுற்றி இருந்தது.

பீரங்கி மணி:
எழுதியது நான்தான். பேச்சு பொதுமக்களைத் திரட்டிய லாண்ட்வேர் படையைப் பற்றி, பள்ளத்தைப் பற்றி இல்லை. 1813 மார்ச் 17-இல் அன்றைய ஜெர்மன் நாடான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஆணை போட்டார். 17 முதல் 40 வயது வரை ஆள் எடுத்தார்கள். அவர்கள் தொப்பியில் தகரச் சிலுவை, அதில் 'கடவுள் துணையுடன், அரசருக்கும் நாட்டுக்கும்' என்ற வாசகம். இதெல்லாம் பொய்யா?

கோட்டைவாசல்:
பொய் என்று யார் சொன்னது? "சொல்லே" என்று எழுதினீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

டான்யூப் கரை:
படை என்றாலும் ஆஸ்திரியாதான் முந்தியது. 1808 ஜூனிலேயே லாண்ட்வேர் அமைத்துவிட்டார்கள்.

பீரங்கி மணி:
1809-இல் நெப்போலியனிடம் ஆஸ்திரியா தோற்ற வாக்ராம் சண்டையைப் பேசியபோதும் இப்படித்தான் நடுவில் வந்து ஆஸ்திரியா புகழ் பாடினீர்கள். நான் மறக்கவில்லை.

தேன்மொழி:
ஜெர்மன் மொழியில் 'வேர்' என்றால் ஆற்றில் கட்டும் அணை இல்லையா?

கோட்டைவாசல்:
'டஸ் வேர்' என்றால் அணை. 'டி வேர்' என்றால் காப்பு. இது இரண்டாவது, நாட்டுக் காப்பு. பெர்லினில் லாண்ட்வேர் கால்வாய் இருக்கிறதே, 1919-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க்கைக் கொன்று உடலை வீசினார்களே, அதற்குப் பெயர் படையால் வரவில்லை. அங்கே இருந்த லாண்ட்வேர் பள்ளத்தால் வந்தது.

பீரங்கி மணி:
கால்வாய் வெட்டியது 1845-க்கு மேல். 1813-க்குப் பிறகுதானே?

கோட்டைவாசல்:
கால்வாய் பிறகு. பள்ளம் முன்பு. எத்தனை தடவை சொல்வது?

தேன்மொழி:
அப்போ 1944-இல் நாஜிகள் கிழவர்களையும் பையன்களையும் படையில் சேர்த்ததும் இதுதானா?

டான்யூப் கரை:
அது ஃபோல்க்ஸ்ஷ்டுர்ம் என்ற வேறு படை. 16 முதல் 60 வயது வரை. 1813-இல் நெப்போலியன் தோற்ற லைப்சிக் போரின் நினைவுநாளான அக்டோபர் 18-இல் வேண்டுமென்றே அறிவித்தார்கள். 1813-இன் பெருமையை நாஜிகள் எப்படித் திருடினார்கள் என்று மணி கொஞ்சம் எழுதட்டும்.

பீரங்கி மணி:
அதை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்? 1813-இல் வந்தவர்கள் நெப்போலியனை விரட்ட வந்தவர்கள். லாண்ட்வேர் என்றால் எனக்கு அவர்கள்தான்.

கோட்டைவாசல்:
உங்களுக்கு யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். "சொல்லே" என்றீர்கள். அதைத் திருத்துங்கள்.

பீரங்கி மணி:
திருத்த மாட்டேன்.