தில்லை வனம்னு சொல்றாங்களே, அந்தக் காடு நெஜமாவே இருந்துச்சா?

மாயவரத்தான்:
போன வாரம் குடும்பத்தோட சிதம்பரம் போயிருந்தோம். கோயில்ல ஒரு பெரியவர், இந்த ஊரே ஒரு காலத்துல தில்லை மரக்காடு, அதான் தில்லைன்னு பேருன்னாரு. ஊரு பூரா சுத்தியும் ஒரு தில்லை மரம் கண்ணுல படல, கடலும் பத்து கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. இது நெஜக் காடா, தலபுராணத்துல மட்டும் இருக்கற காடா?

கிள்ளைக்காரன்:
நெஜக் காடுதாங்க. தில்லைங்கறது அலையாத்திக் காட்டு மரம், அதாவது கடல் தண்ணி ஏறி எறங்கற கழியோரக் காட்டு மரம், பக்கத்துல பிச்சாவரத்துல இன்னிக்கும் நிக்குது. சின்ன வயசுல படகுல போறப்ப அப்பா அந்தக் கிளையத் தொடவே விடமாட்டாரு, ஒடிச்சா வெள்ளையா பால் வரும், கண்ணுல பட்டா கொஞ்ச நாளைக்கு பார்வையே தெரியாம போயிடும். இலை உதிர்றதுக்கு முன்னாடி செவசெவன்னு ஆயிடும், தூரத்துலேந்தே கண்டுபிடிச்சிடலாம்.

தமிழ்ச்செல்வி:
புராணத்த விடுங்க, சங்கப் பாட்டுலயே இருக்கு. குறிஞ்சிப்பாட்டு அடுக்குற 99 பூவுல தில்லையும் ஒண்ணு. நற்றிணைல ஒரு பாட்டு, கழியில இருக்கற நீர்நாய்க் குட்டி கொழுத்த மீனத் தின்னுட்டு தில்லைப் புதருக்குள்ள போய்ப் படுத்துக்கும்னு வரும். பிச்சாவரத்துல இப்பவும் நீர்நாய் இருக்கு, அதப் படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. தேவாரத்துலயும் ஊரு பேரு தில்லைதான், புலியூர்னும் வரும்.

மாயவரத்தான்:
ரொம்ப நன்றிங்க. அப்ப ஊருக்குள்ள ஏன் ஒண்ணு கூட மிஞ்சல?

கிள்ளைக்காரன்:
தம்பி, சுரபுன்னை மாதிரி தில்லை தண்ணிக்குள்ள கால் ஊனி நிக்கற மரம் இல்ல, அதுக்குப் பின்னால, அலை எப்பவாவது ஏறுற மேட்டுல நிக்கும். ஆத்துத் தண்ணி பாஞ்சா வயலாகற மண்ணு அதுதான், அதனால மனுசன் மொதல்ல கை வச்சது அங்கதான்னு நான் நெனைக்கிறேன். பிச்சாவரத்துலயே வெள்ளைக்காரன் காலத்துல காட்டப் பட்டை பட்டையா மொத்தமா வெட்டுனாங்க, சுதந்திரத்துக்கு அப்பறமும் அது நடந்துச்சு. வெட்டுன எடம் வெயில்ல காஞ்சு பள்ளமாயி, ஏறுன தண்ணி வடியாம தேங்கி, உப்பு கூடிப்போயி எதுவும் மொளைக்கல. 1990கள்ல மீன் முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி, அலைத்தண்ணி போய்வர வழி பண்ணி கன்னு நட்டதுக்கு அப்பறந்தான் பச்சை திரும்புச்சு. அடுத்த தடவை வந்தா கோயிலோட திரும்பிடாதீங்க, பிச்சாவரம் 15 கிலோமீட்டர்தான், படகுக்காரர்கிட்ட தில்லை எதுன்னு கேளுங்க. பசங்க இலையப் பறிக்காம பாத்துக்கங்க.