24 சக்கரம் இருந்தும் ட்ரிப்ளெக்ஸ் ஏன் ஓடல?

கொட்டகலை பொடியன்:
எங்க தாத்தா கரிக்கோச்சி (நீராவி ரயில்) காலத்துல இலங்கை மலைநாட்டு நானுஓயா ஷெட்ல எஞ்சினுக்கு கரி போடுற பயர்மேன், அவரு சொன்ன காரட் (Garratt, நம்ம மலை லைன்ல ஓடுன ஒரு வகை நீராவி எஞ்சின்) கதை கேட்டு வளந்ததால எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கிச்சு. நேத்து ராத்திரி ஒரு படம் பாத்தேன், அமெரிக்காவுல ஈரி ரயில்வேக்கு 1914ல பால்ட்வின் கம்பெனி செஞ்ச ட்ரிப்ளெக்ஸ்ங்கிற நீராவி எஞ்சின். இழுக்குற சக்கரமே 24, அதுல 8 தண்ணி டேங்குக்கு அடியில! ஆனா ஏத்தத்துல பின்னால நின்னு தள்ளத்தான் வச்சிருந்தாங்களாம், 10 மைல் வேகத்தத் தாண்டுனா மூச்சு வாங்குமாம். ஏன்?

ஹட்டன் கரிக்கோச்சி:
தம்பி, சக்கரத்த விடுங்க, ஸ்டீம் எங்கருந்து வருது? பாய்லர் ஒன்னு, சிலிண்டர் ஆறு, ஒவ்வொன்னும் 36 இஞ்சி. ஒரு அடுப்ப வச்சிக்கிட்டு கல்யாண வீட்டுக்கே சமைக்கிற கத தான். டேங்க்ல தண்ணி கொறயக் கொறய பின் சக்கரத்துல பாரமும் கொறஞ்சு வழுக்கும், அது வேற.

லிந்துல மாமா:
அப்ப நம்ம காரட்லயும் இழுக்குற சக்கரம் ரெண்டு செட் தானே, அதுவும் மேலட் (Mallet, ரெண்டு செட் சக்கரம் உள்ள இன்னொரு வகை எஞ்சின்) மாதிரி தானே?

ஹட்டன் கரிக்கோச்சி:
இல்லண்ணே. மேலட்ல பின் செட் பாய்லரோட இறுகி இருக்கும், முன் செட் மட்டும் வளைவுல திரும்பும். அமெரிக்காவுல மொத மேலட் 1904ல வந்த ‘ஓல்ட் மோட்’ங்கிற எஞ்சின், அதுல பின் சிலிண்டர்ல வேல செஞ்ச ஸ்டீமையே முன்னால பெரிய சிலிண்டருக்கு அனுப்பி ரெண்டாவது தடவ வேல வாங்குவாங்க. 1927ல நம்ம லைனுக்கு வந்த காரட்ல பாய்லர் ரெண்டு செட்டுக்கும் நடுவுல தொங்கும், கீழ சக்கரமே இல்ல, அதனால நெருப்புப் பெட்டிய நல்லா அகலமா ஆழமா வைக்கலாம். 44 அடி போனா 1 அடி ஏறுற நம்ம ஏத்தத்துக்கு அதான் சரி.

ஸ்டோர்காரன்:
முக்கியமான ஒன்ன விட்டுட்டீங்க. வேல முடிஞ்ச ஸ்டீம் சிம்னி வழியா பாயுறப்பதான் நெருப்புக்கு காத்து இழுக்கும், அந்த சுக்கு சுக்கு சத்தம் அதுதான். ட்ரிப்ளெக்ஸ்ல பின் செட் ஸ்டீம் டேங்குக்குப் பின்னால தனிக் குழாய்ல போயிரும், பாதி இழுப்பு வீண். எங்க தேயிலை ஸ்டோர்ல (ஃபேக்டரி) கொழுந்து காய வைக்கிற ட்ரையர் அடுப்புக்கு காத்து கொறஞ்சா வெறகு எவ்வளவு தள்ளுனாலும் புகை தான், சூடு ஏறாது.

கொட்டகலை பொடியன்:
அட! மழையில பட்டிப்பொல ஏத்தத்துல சக்கரம் வழுக்கிச் சுத்துனா சிம்னி நெருப்பையே அள்ளிக்கிட்டு போயிரும், அப்புறம் மறுபடி கரி போட்டே கை ஒடிஞ்சிரும்னு தாத்தா சொல்லுவாரு. சும்மா கத விடுறாருன்னு நெனச்சேன்.