ஊக்கியில் மெதைல் இல்லை, ஆனாலும் ஈரலில் பாக்ஸ்6 வெளிப்படவில்லை: தரவு பிழையா?

கொட்டகலை மாணவி:
வணக்கம். பேராதனையில் இறுதியாண்டு. பொதுத் தரவுத்தளம் ஒன்றிலிருந்து மனித ஈரல், மூளை இரண்டினதும் பைசல்பைற்று வாசிப்புகளை (டிஎன்ஏயில் எங்கே மெதைல் கூட்டம் ஏறியிருக்கிறது என்று காட்டுபவை) எடுத்து, கண் வளர்ச்சிக்குத் தேவையான பாக்ஸ்6 பரம்பரையலகை ஒப்பிடுகிறேன். மூளையில் அது வெளிப்படுகிறது, ஈரலில் இல்லை. ஆகவே ஈரலில் அதன் ஊக்கி, அதாவது பரம்பரையலகைத் தொடக்கிவைக்கும் பகுதி, முழுக்க மெதைலேறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டிலும் ஏறக்குறையப் பூச்சியம்! பைசல்பைற்று மாற்றம் பிழைத்துவிட்டதா? கோப்பை மறுபடி இறக்கச் சொல்லிவிடாதீர்கள். மழை பிடித்தால் இங்கே இணைப்பு நிற்பதில்லை.

பண்டாரவளை ஆசிரியர்:
வேண்டாம் மகள். பைசல்பைற்று, மெதைல் இல்லாத சைற்றோசின் எழுத்தை மட்டும் யுராசிலாக மாற்றும். மாற்றம் பிழைத்திருந்தால் மெதைல் இல்லாத சைற்றோசின்களும் யுராசிலாகாமல் தப்பி, மெதைலேறியவை போலத் தெரிந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது நேர்மாறு. சந்தேகம் தீர, ஈரல் ஆக்கும் புரதமான அல்புமினின் ஊக்கியைப் பாருங்கள். ஈரலில் மெதைல் குறைந்தும் மூளையில் கூடியும் இருக்க வேண்டும்.

பேராதனை முதுநிலை மாணவன்:
சேர் சொல்வது சரி. தங்கை, "மெதைல் இருந்தால் அடங்கும், இல்லாவிட்டால் வெளிப்படும்" என்று உயர்தரத்துக்கு மனப்பாடம் செய்ததைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மனிதக் கலங்களில் சைற்றோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் இடங்களில் 70–80 வீதம் மெதைலேறியவைதான். ஆனால் அவை நெருங்கிக் குவிந்த "தீவுகள்" ஊக்கியில் இருந்தால், பெரும்பாலும் எல்லா இழையங்களிலும் மெதைல் இல்லாமலே இருக்கும். பாக்ஸ்6 அந்த வகை. ஈரலில் அதை அடக்குவது பொலிகோம்ப் புரதங்கள். டிஎன்ஏ சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றான எச்3இன் 27ஆவது அமினோ அமிலமான லைசீனில் மூன்று மெதைல் கூட்டங்களை ஏற்றிவிடுகின்றன. ஈரலின் அந்த ஹிஸ்டோன் தரவைப் பாருங்கள், கோப்பும் சிறியது.

இழையத்துக்கு இழையம் மெதைல் மாறுவதைத் தேடுகிறீர்கள் என்றால் தொலைவிலிருந்தே பரம்பரையலகின் வெளிப்பாட்டைக் கூட்டும் மேம்படுத்திகளுக்குப் போங்கள். பாக்ஸ்6இன் மேம்படுத்திகள் பல, பக்கத்துப் பரம்பரையலகான ஈஎல்பி4இன் இன்ட்ரோன்களுக்குள் (புரதத்துக்குக் குறியீடு தராத இடைத்துண்டுகள்) இருக்கின்றன. 11ஆவது நிறமூர்த்தம் அங்கே முறிந்தால், பாக்ஸ்6இல் ஓர் எழுத்தும் கெடாமலே குழந்தை கதிராளி (கண்ணின் நிற வளையம்) இல்லாமல் பிறக்கலாம். முறிவு கூடத் தேவையில்லை: ஏறத்தாழ 150 கிலோபேஸ் (ஒன்றரை இலட்சம் எழுத்து) தள்ளியிருந்த ஒரு மேம்படுத்தியில் ஒற்றை எழுத்து மாறியதே ஒரு நோயாளிக்குக் காரணம் என்று 2013இல் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் ஆசை பிடித்ததே இதைப் படித்த பிறகுதான்.

கொட்டகலை மாணவி:
நன்றி சேர், நன்றி அண்ணா. அல்புமின் நீங்கள் சொன்னபடியே வந்தது. ஈரலில் அந்த ஹிஸ்டோன் அடையாளம் பாக்ஸ்6 முழுவதும் அகலமாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் ஈஎல்பி4 பகுதியில் மூளையின் மெதைல் பாதிக்குத்தான் இறங்குகிறது. ஏன் முழுதாக இறங்கவில்லை?

பேராதனை முதுநிலை மாணவன்:
இரண்டு காரணங்கள் இருக்கலாம். பைசல்பைற்று முறை, மெதைலின் ஒட்சியேறிய வடிவமான ஹைட்ரொக்சிமெதைலையும் மெதைலாகவே எண்ணும். மூளையில் அது தாராளம். ஒட்சியேற்றிய பைசல்பைற்றுத் தரவு இருந்தால்தான் பிரித்தறிய முடியும். மற்றது, மூளை என்பது ஒரே வகைக் கலம் இல்லையே. பாக்ஸ்6 வெளிப்படாத கலங்களின் மெதைலும் சராசரியில் சேர்ந்துவிடும். மாதிரி மூளையின் எந்தப் பகுதி என்று விவரக் கோப்பில் பாருங்கள். சிறுமூளையின் மணியுருக் கலங்களில் பாக்ஸ்6 வலுவாக வெளிப்படும். அவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்த தரவு கிடைத்தால் அதையே ஈரலோடு ஒப்பிடுங்கள்.