பெக்டரி பரிசோதனை நாளில் நீங்கள் பார்த்தது

தலவாக்கலைக்காரன்:
தேயிலைத் தோட்டத்து பெக்டரி ஒன்றில் கரண்ட் வேலைக்கு இருந்தேன். லேபர் ஒபிசிலிருந்து பரிசோதனைப் பொறியியலாளர் வருகிறார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. இரவோடு இரவாக, அரைத்த கொழுந்துக் கட்டியை உடைக்கிற ரோல் பிரேக்கர் மெஷினின் பெல்ட்டுக்கு மூடி போட்டார்கள். அவர் வந்தது காலை பத்து மணிக்கு. அந்நேரம் ரோலர் ரூம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அரைப்பு முடிந்து தரை கழுவியாகிவிடும். "ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். ஓட்டியதும் மூடி பெல்ட்டில் உரசிக் கீச்சென்று கத்தியது. அது வேறு மெஷினின் மூடி.

அதை அவர் எழுதிக்கொண்டார், சரி. எனக்கு உறுத்துவது வேறு. பக்கத்தில் நின்ற ரோலர் அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதே பெல்ட்டில் ஒரு விடியற்காலையில் போனவை. பொறியியலாளர் அந்த அறையில் இருந்தவரைக்கும் அண்ணன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். டிஸ்பென்சரி புத்தகத்தில் அது வீட்டில் விறகு வெட்டும்போது பட்ட காயம் என்று இருக்கிறது.

ஊவாக்காரி:
பெல்ட் கண்ணுக்குத் தெரியும். தூசி? அம்மா சலிக்கும் அறையில் வேலை. தேயிலைத் தூசி புகைமாதிரி நிற்கும், இருமல் இல்லாத பெண்பிள்ளை அங்கே கிடையாது. சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வந்த அன்று, "மாஸ்க் தந்தார்களா?" என்று கேட்டார்கள். அம்மா மடியிலிருந்து பிரிக்காத பாக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஏன் போடவில்லை என்றதற்கு, "கிழிஞ்சா வேற தரமாட்டாங்க சேர்." வந்தவர் ஃபோர்மில் 'மாஸ்க் வழங்கப்பட்டுள்ளது' என்ற இடத்தில் சரி போட்டார். அது பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தலவாக்கலை அண்ணா, அந்த மனுஷன் கையை மறைத்தார் என்கிறீர்கள். பக்கத்தில் நின்ற நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?

தலவாக்கலைக்காரன்:
திறந்தேன் தங்கச்சி. சிங்களத்தில் சொன்னேன், எனக்கு அது வரும். பொறியியலாளர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இல்லை சேர், வீட்டுலதான்" என்றார் அண்ணன். பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அண்ணனின் மகனுக்கு அந்த மாதம்தான் பெக்டரியில் பேர் பதிந்திருந்தார்கள்.

ஹட்டன் பெரியவர்:
என் அண்ணன் தேயிலை காயவைக்கிற ட்ரையர் அடுப்புக்கு விறகு போட்டவர். கதவைத் திறந்தபோது நெருப்பு முகத்தில் அடித்தது. மறுநாளே ஆள் அனுப்பினார்கள், "ஸ்டோருக்கு வந்து சும்மா உட்காருங்க, பேர் போடுறோம்" என்று. முகத்தில் கட்டோடு போய் உட்கார்ந்தார். ஏன் கூப்பிட்டார்கள் என்று எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, காயப்பட்டவர் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனால் நிர்வாகம் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பேர் பதிகிற புத்தகத்தில், பேர் விழுந்துகொண்டே இருந்தால் விபத்து நடந்ததே வெளியில் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, கேளுங்கள். காயம் பட்டால் தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காதீர்கள், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வார்டில் சேர்க்கும்போதே "மெஷினில் பட்டது" என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரி டிக்கெட்டில் அப்படியே எழுதினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மெஷின், எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தது என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். 'சின்னக் காயம்தான்' என்று எழுதிய எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது தோட்டத்துக்காரனுக்கும் உண்டு, சங்கத் தலைவர்மார் சொல்லாவிட்டாலும் உண்டு. தோட்டத்து மேனேஜர் துரை தருகிற கைச்செலவுக் காசு நட்டஈடு ஆகாது. தங்கச்சியின் அம்மாவும் இருமலுக்கு ஒருமுறை நெஞ்சுக் கிளினிக்கில் காட்டட்டும். அங்கே என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்லட்டும்.

மஸ்கெலியா நைட் ஷிப்ட்:
பெரியவர் சொல்வதெல்லாம் கை போன பிறகு செய்கிற வேலை. போகாமல் இருக்க என்ன வழி? கொழுந்து பின்னேரம்தான் பெக்டரிக்கு வந்து முடிகிறது. தொட்டியில் பரப்பி வாட்டவே பன்னிரண்டு மணித்தியாலம், மழைக் குளிரில் அதற்கும் மேலே. ஆகவே ரோலர் ஓடுவது நடுச்சாமத்துக்குப் பிறகு. தூக்கக் கலக்கம், ஈரத் தரை, மங்கல் பல்பு. ரோலர் வாயில் அடைத்த கொழுந்தை, மெஷினை நிறுத்தாமலே கையால் தள்ளுகிறோம். நிறுத்தினால் பெட்ச் பிந்திவிடும் என்று சத்தம் போடுவார்கள். எங்கள் பெக்டரியில் ஒரு பையனின் சட்டைக் கை இழுபட்டபோது நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அடித்தேன். சுவிட்ச் இருந்தது அறையின் மறுகோடியில். அவனுக்குச் சட்டை கிழிந்ததோடு போயிற்று.

ஆள் வேலை செய்கிற நேரம் பகலானாலும் இரவானாலும் பரிசோதகர் உள்ளே வரலாம் என்று பெரியவர் சொன்ன அந்தத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்கிறது. பத்து மணிக்கு வருகிறவருக்குக் கழுவின தரைதான் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். டீமேக்கரை வெளியே நிறுத்திவிட்டு எங்களிடம் கேட்கட்டும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.