இயர் 2 மகளின் ஆங்கில இலக்கணம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

கேள்வி:

வணக்கம். ஆகஸ்டில் கோவையிலிருந்து மில்டன் கீன்ஸ் வந்தோம். ஆறரை வயது மகளை வயதுக் கணக்குப்படி இயர் 2இல் சேர்த்திருக்கிறார்கள். ஊரில் ஆங்கிலத்தில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்கியவள். இங்கே வாராவாரம் நோட்டில் பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி என்றே குறித்து அனுப்புகிறார்கள். சாட்ஸ் என்ற அரசுத் தேர்வில் இலக்கணத்துக்குத் தனித் தாள் உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். எந்தப் பயிற்சி நூல் வாங்கலாம்? டியூஷன் வைக்க வேண்டுமா?

பதில்:

வணக்கம் சகோதரி. இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்டாக, பெரும்பாலும் இயர் 1, இயர் 2 குழந்தைகளோடு வேலை செய்கிறேன். டியூஷன் வேண்டாம். பயிற்சி நூலுக்கும் இப்போது அவசரமில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் தேர்வு. இயர் 2 சாட்ஸ் 2023-24 கல்வியாண்டிலிருந்து கட்டாயமில்லை. பள்ளி விரும்பினால் நடத்திக்கொள்ளலாம். இலக்கணத் தாள் அதற்கும் முன்பே பள்ளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2016இல் அதை முதன்முதலாக நடத்த இருந்தபோது, அதன் ஒரு பகுதியான எழுத்துக்கூட்டல் தாள் மாதிரித் தாள்களோடு சேர்ந்து கல்வித்துறையின் இணையதளத்திலேயே வெளியாகியிருந்தது தெரியவந்தது. அந்த ஆண்டு அதை நடத்த வேண்டிய கட்டாயத்தையே நீக்கிவிட்டார்கள். கட்டாயமான இலக்கணத் தேர்வு இயர் 6இல், மே மாதத்தில் வருகிறது: 45 நிமிடத்தில் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள், தனியே 20 சொற்களுக்கு எழுத்துக்கூட்டல். இவையெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ இருக்கும் உறவினர் சொல்வதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு வரக்கூடியது ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கும் சோதனை. இயர் 1இல் அதைச் செய்யாத குழந்தைகள் இயர் 2 ஜூனில் செய்ய வேண்டும். ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து 40 சொற்களை வாசிக்க வேண்டும். அவற்றில் பாதி பொருளே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள். நம் பிள்ளைகள் அவற்றைத் தெரிந்த சொல்லாக மாற்றி வாசித்துவிடுவார்கள். இருக்கும் எழுத்தின் ஒலியை அப்படியே சொல்லப் பழக்குங்கள்.

இனி இலக்கணம். 2014 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியப் பாடத்திட்டத்தில் இலக்கணத்துக்கும் நிறுத்தக்குறிக்கும் தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அவசியம் படியுங்கள். சொற்களுக்கிடையே இடம் விடுவது, பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி, 'அண்ட்' போட்டு இணைப்பது, இவை இயர் 1. பட்டியலில் கமா, அபாஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே வரும் கமா போன்ற குறி), இறந்தகாலமும் நிகழ்காலமும் கலக்காமல் எழுதுவது, 'பிகாஸ்', 'வென்', 'இஃப்' போட்டு வாக்கியத்தை நீட்டுவது இயர் 2. மேற்கோள் குறி இயர் 3இல்தான் வருகிறது. அதை இப்போதே திணிக்க வேண்டாம்.

ஊரில் உங்கள் மகள் வாங்கிய முழு மதிப்பெண் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்பியதற்கும் கரும்பலகையைப் பார்த்து எழுதியதற்கும் கிடைத்தது. இங்கே ஆசிரியர் பார்ப்பது அவள் தானாக எழுதும் அரைப் பக்கம். கதை, கடிதம், விதை முளைத்த விதம் என்று எதுவாக இருந்தாலும், முற்றுப்புள்ளி தானாக விழுகிறதா என்றுதான் பார்ப்பார். ஒரு நாள் மட்டும் சரியாக வந்தால் போதாது. வெவ்வேறு எழுத்துகளில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதனால்தான் நோட்டில் அந்தக் குறிப்பு வாராவாரம் வருகிறது. அது உங்கள் மகள் மேல் சொல்லும் குறை இல்லை. வகுப்பில் பாதிப் பேர் நோட்டில் அதே வரி இருக்கும்.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் உண்டு. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. ஆகவே பெயருக்கும் 'ஐ'க்கும் பெரிய எழுத்து போடுவது பழக்கத்தில்தான் வரும். பட்டியலில் நாம் 'அம்மாவும் அப்பாவும் தம்பியும்' என்று ஒவ்வொன்றுக்கும் 'உம்' சேர்ப்பதைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் 'அண்ட்' போட்டுக்கொண்டே போவார்கள். கமா அங்கேதான் தேவைப்படுகிறது. 'பிகாஸ்' இன்னும் கடினம். 'நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது' என்று புள்ளி வைத்துவிட்டுக் காரணத்தைத் தனியே தொடங்குவது தமிழில் இயல்பு. குழந்தை அதையே ஆங்கிலத்தில் செய்யும்போது, அந்த இரண்டாவது துண்டை முழு வாக்கியமாக ஆசிரியர் ஏற்கமாட்டார். இதற்கு விதி சொல்லிப் புரியவைக்க முடியாது. 'எனக்கு இது பிடிக்கும், பிகாஸ்...' என்று நீங்கள் தொடங்கி, அவளை மூச்சு விடாமல் வாயால் முடிக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது முழுவதும் இதுதான். எழுதுவதற்கு முன் வாக்கியத்தை உரக்கச் சொல்லட்டும்; எழுதியபின் விரல் வைத்து உரக்க வாசிக்கட்டும். குரல் முடிகிற இடத்தில் புள்ளி இருக்கிறதா என்று அவளே பார்ப்பாள். நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். தாத்தாவுக்குக் கடிதம், கடைக்குப் போகப் பட்டியல் என்று நிஜமாகத் தேவைப்படும் எழுத்தாக இருந்தால் ஐந்து வரி போதும்.

பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அடையாளம் காட்டும் பயிற்சி கெடுதல் இல்லை. ஆனால் அதனால் எழுத்து மேம்படும் என்று நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இயர் 2 குழந்தைகளிடமே ஓர் இலக்கணப் பயிற்சித் திட்டத்தைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பயின்ற குழந்தைகளின் கதை எழுத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. 2016இல் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த நிக் கிப், 'ஆஃப்டர்' என்ற சொல் ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் வகை என்று பிபிசி வானொலியில் கேட்கப்பட்டபோது தவறான விடை சொன்னார். அதே வகைப்படுத்தலைப் பத்து வயதுக் குழந்தைகளிடம் தேர்வில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. குழந்தைக்குச் சொல்ல ஏதோ இருக்கும்போது, அதைச் சொல்லவிடாமல் சொல்லின் வகைப் பெயரைக் கேட்டு நிறுத்தக் கூடாது.

கேள்வி:

மிக்க நன்றி அக்கா. இன்னொன்று. 'ஐ லவ் மை நியூ ஸ்கூல்!' என்று எழுதியதை வியப்பு வாக்கியம் இல்லை என்று திருத்தியிருக்கிறார்கள். வியப்புக்குறி போட்டது தவறா?

பதில்:

குறி தவறில்லை. ஆனால் 'வியப்பு வாக்கியம்' எழுதச் சொன்னால், இங்கே 'வாட்' அல்லது 'ஹவ்' என்று தொடங்கி வினைச்சொல்லும் இருக்க வேண்டும்: 'வாட் எ குட் ஃப்ரெண்ட் யூ ஆர்!' போல. உங்கள் மகள் எழுதியது வியப்புக்குறியோடு முடியும் சாதாரண வாக்கியம். கதையில் தாராளமாக எழுதலாம். பெற்றோர் சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் இதையெல்லாம் அங்கே பேச நேரம் இருக்காது. அன்று அவளுடைய ரைட்டிங் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செப்டம்பர்ப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, அடுத்து எந்த ஒன்றில் கவனம் வைக்கலாம் என்று மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள்.